கருவிழிப் படலத்திலே கண்டதும் கருதியதும்

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த காப்பார் வட்டாரம், ஒரு காலத்தில் ரப்பராலும் பின்னர்ச் செம்பனையாலும் நிறைந்திருந்து, இன்று தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையமும் தாமான் வீடுகளும் நெருங்கிய இடமாக மாறிவிட்டபோதிலும், தோட்ட வாழ்க்கையின் சுவடு அங்குள்ள மக்களின் சரீரத்தை விட்டு இன்னும் முற்றும் அகன்றுவிடவில்லை. உயர்ந்த செம்பனையின் அடியில் நின்று, நீண்ட கோலின் நுனியிலே பிணைத்த அரிவாளால் மட்டையையும் குலையையும் அறுத்துத் தள்ளுகிறவன், தொழிலின் இயல்பினாலேயே முகத்தை அண்ணாந்து வைத்திருக்க வேண்டியவனாகிறான். மேலிருந்து உதிரும் தூசும் நாரும் முள்ளும் முதலில் தேடி வருவது அவனுடைய கண்ணைத்தான். அவனுடைய வீட்டிலேயே, ஐம்பது வயதைக் கடந்து, இனிப்புநீர் வியாதிக்கு மாத்திரை உண்டுகொண்டு, பாதத்திலே எரிச்சலும் மதமதப்பும் கண்டிருக்கும் பெரியவர் ஒருவர் இருந்தால் அதுவும் வியப்பாகாது. மட்டை கீறிய கண்ணும், சர்க்கரை தின்ற நரம்பும் வெவ்வேறு வைத்தியர்களிடம் செல்லும் வெவ்வேறு வியாதிகள் என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். ஆயினும், இவ்விரண்டின் அடையாளங்களையும் அரை மில்லிமீட்டர் கனமே உள்ள ஒரே திசுவினுள், உயிருள்ள மனிதன் விழித்திருக்கும்போதே, கத்தி வைக்காமல் கண்டுகொள்ளலாம் என்ற நிலைக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் நேத்திர வைத்தியம் வந்திருக்கிறது. அந்தத் திசு கருவிழிப் படலம். அங்கே காணப்படுவன நரம்பு இழைகளும், அவற்றினிடையே வசிக்கும் நோய் எதிர்ப்பு உயிரணுக்களும் ஆகும். இவ்வணுக்களைப் படம் பிடிப்பதால் வியாதியைப் பற்றி நாம் மெய்யாகவே அறிந்துகொண்டது எவ்வளவு, அறிந்ததாக எண்ணிக்கொண்டது எவ்வளவு என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

சைவ சித்தாந்த சாத்திரங்களிலே, சிறப்பாக அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரிலே, பொருள்களை அறியும் அளவைகள் காண்டல், அனுமானமாகிய கருதல், உரை என மூன்றில் அடக்கப்பட்டிருப்பதைப் பலரும் அறிவர். நுண்நோக்கி சம்பந்தமான விவகாரத்திலே தத்துவ நூலை இழுப்பானேன் என்று சிலர் கேட்கக்கூடும். இத்துறையின் கட்டுரைகளைப் படிக்குந்தோறும் எனக்கு அந்தப் பாகுபாடு நினைவுக்கு வருவதற்குக் காரணம், காண்டலாகச் சொல்லப்படுவதிலே பாதி கருதலாகவே இருப்பதுதான்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். கார்னியா என்று ஆஸ்பத்திரிகளில் வழங்கும் இப்படலம் நடுவிலே ஏறத்தாழ 540 மைக்ரான் கனமுடையது. அதன் மேற்புறத் தோல் ஐம்பது மைக்ரான் அளவினது. இரத்தக் குழாய் ஒன்றேனும் அதனுள் புகுவதில்லை. புகுந்தால் ஒளி தடைப்பட்டுப் பார்வை மங்கும். குழாய் இல்லாத குறையை ஈடு செய்வதைப் போல் நரம்புகளோ சரீரத்தின் வேறெந்தப் பரப்பிலும் இல்லாத அடர்த்தியோடு அங்கே பரவியிருக்கின்றன; ஒரு தூசு விழுந்த மாத்திரத்தில் நாம் துடித்துப் போவதன் காரணம் அதுவே. மேல்தோலின் அடித்தளத்திலே, இந்நரம்பு வலையோடு ஒட்டியும் பின்னியும், கைகளைப் பல திசையிலும் நீட்டியவாறு இருக்கும் அணுக்களே நம்முடைய கதாநாயகர்கள். டென்ட்ரைட்டிக் செல் எனப்படும் இவற்றை நாம் கிளையணுக்கள் என்று அழைப்போம்.

இவ்வினத்தை முதன்முதலாக மனிதத் தோலிலே கண்டு விவரித்தவர் பால் லாங்கர்ஹான்ஸ். 1868இல், பெர்லினிலே வைத்திய மாணவராக இருந்தபோது, பொன் உப்பினால் சாயம் ஏற்றி இவற்றைக் கண்டவர், கிளைவிட்ட வடிவத்தைக் கொண்டு இவை நரம்பணுக்களே என்று தீர்மானித்துவிட்டார். கண்டது சரி, கருதியது பிசகு. அப்பிசகைத் திருத்த நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது. 1973இல் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் நியூயார்க்கிலே கிளையணுக்களைத் தனியினமாகப் பிரித்துக் காட்டினர். அந்நிய கிருமியின் துணுக்கைப் பற்றி, நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று, போரிடும் டி-அணுக்களுக்கு அடையாளம் காட்டுவதே இவற்றின் உத்தியோகம் என்பது அதன் பின்னரே ஸ்திரப்பட்டது. அக்கண்டுபிடிப்புக்காக ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் மறைந்து மூன்று நாளாகியிருந்தது என்பது விஞ்ஞான சரித்திரத்தின் சோகமான செய்திகளுள் ஒன்று.

கருவிழிப் படலத்தைப் பொறுத்தமட்டில் வேறொரு கொள்கை நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. 1948இல் பீட்டர் மெடாவர், முயலின் கண்ணின் முன்னறையிலே வைத்த அந்நியத் தோல் உடனே நிராகரிக்கப்படாமல் தங்குவதைக் கண்டு, கண்ணானது எதிர்ப்புச் சக்தியின் விதிகளிலிருந்து விசேஷச் சலுகை பெற்ற உறுப்பு என்ற எண்ணத்துக்கு வித்திட்டார். ஒருவர் கருவிழியை மற்றொருவருக்கு ஒட்டினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படுவது இதற்குச் சான்றாகவே கொள்ளப்பட்டது. எட்வர்ட் சிர்ம் 1905ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் ஒலோமோட்ஸ் நகரில் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்றைச் செய்தார். இந்தியாவிலே முதற் கண் வங்கி 1945இல் சென்னை எழும்பூரில், 1819இல் தோன்றிய கண் ஆஸ்பத்திரியிலே நிறுவப்பட்டு, 1948இல் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா அங்கே மாற்றுச் சிகிச்சை செய்தார். இலங்கையிலே டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தான சங்கம், 1964இல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது முதலாகக் கடல் கடந்து தானம் செய்து வருகிறது. இத்தனைக்கும் அடிப்படையாயிருந்த சலுகைக் கொள்கை, படலத்தின் நடுப்பகுதியிலே கிளையணுக்களே இல்லை என்ற பாடபுத்தக வாக்கியமாய் இறுகிவிட்டது. பாஸ்டனிலே பெட்ராம் ஹம்ராவும் ரேசா டானாவும் 2002, 2003 ஆண்டுகளில் சுண்டெலிக் கருவிழியை ஆராய்ந்து, நடுப்பகுதியிலும் அவை இருக்கின்றன, வழக்கமாகத் தேடப்படும் முதிர்ச்சி அடையாளம் அவற்றிடம் இல்லாமையால் இதுகாறும் கண்ணுக்குத் தப்பின என்று காட்டியபோது அவ்வாக்கியம் உடைந்தது. இல்லை என்று சொன்னவர்கள் தேடாமல் சொல்லவில்லை. தேடிய சாயம் தவறாயிருந்தது.

சாயமின்றியே, வெட்டாமலே, உயிருள்ள கண்ணிலே பார்க்க வழி செய்தது கான்ஃபோக்கல் நுண்நோக்கி. இதன் தத்துவத்தை வகுத்து 1957இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர், பிற்காலத்தில் செயற்கை அறிவுத் துறையால் பெயர் பெற்ற மார்வின் மின்ஸ்கி என்பது ஒரு சுவையான செய்தி. ஒளியை ஒரு நுண்புள்ளியிலே குவித்து, அப்புள்ளியிலிருந்து திரும்பும் ஒளியை மட்டும் ஒரு சிறு துவாரத்தின் வழியே ஏற்று, மேலும் கீழுமிருந்து வரும் கலங்கல் ஒளியைத் தடுத்துவிடுவதே அதன் யுக்தி. இதனால் தடித்த திசுவினுள்ளும் ஒரு மெல்லிய தளத்தைத் தனியே எடுத்துக் காண இயலும். இன்று உலகெங்கும் வழங்கும் கருவி ஜெர்மனியிலே ராஸ்டாக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், விழித்திரைக்கென்று செய்யப்பட்டிருந்த ஒரு லேசர்ப் படக்கருவியோடு முன்கண்ணாடி ஒன்றை இணைத்து உருவாக்கியதாகும். மரப்புச் சொட்டு விட்டபின், பசை தடவிய சுத்தமான மூடி ஒன்று கருவிழியை மென்மையாகத் தொடும். 670 நானோமீட்டர் சிவப்பு லேசர் அலைந்து படமெடுக்கும். ஒவ்வொரு படமும் 400 மைக்ரான் நீளமும் அத்தனையே அகலமும் உடையது. நோயாளிக்கு வலி இல்லை. கண்ணை அசைக்காமல் சில நிமிஷம் உட்கார்ந்திருப்பதே சிரமம்.

படத்தின் இவ்வளவைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். ஒரு படம் 0.16 சதுர மில்லிமீட்டர். கருவிழியின் குறுக்களவு பதினொன்றரை மில்லிமீட்டர் என்று கொண்டால் அதன் பரப்பு நூறு சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்டது. ஆகவே ஒரு படம் முழுப்படலத்தின் அறுநூற்றைம்பதில் ஒரு பங்கையே காட்டுகிறது. அது ஒரு தளத்திலே மட்டும். ஆழத்தைச் சேர்த்தால் பங்கு இன்னும் சுருங்கும். ஒரு சோற்றைத் தொட்டுப் பானையைப் பதம் பார்க்கலாம் என்பது சோறு ஒரே சீராக வெந்திருக்கும்போதுதான் செல்லும். கிளையணுக்களோ விளிம்பிலே மிகுந்தும் நடுவிலே குறைந்தும் இருப்பவை.

இக்கருவியினால் தமிழ்நாட்டிலே விளைந்த பிரயோஜனத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் காப்பார்த் தோட்டக்காரன் கண்ணுக்கு மிக நெருங்கிய அனுபவம் அதுதான். வயலிலே நெற்கதிரோ, மாட்டு வாலோ, முட்செடியோ கண்ணைக் கீறி, அக்கீறல் வழியே பூஞ்சை புகுந்து புண்ணாக்கிப் பார்வையை அழிப்பது மதுரைச் சீமையிலே பழைய கதை. மதுரை மாவட்டத்திலே ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாவதாக 1996இல் வெளிவந்த ஒரு கணக்கு மதிப்பிட்டது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்திலே கண்ட விகிதத்தைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு அது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இவ்வியாதிக்கு உலகத்திலேயே முக்கியமான ஆராய்ச்சிக் களங்களுள் ஒன்றாக வளர்ந்தது. பூஞ்சைப் புண்ணுக்கு நேட்டமைசின் சிறந்ததா, புதிதாய் வந்த வோரிகோனசோல் சிறந்ததா என்ற வழக்கை 323 நோயாளிகளைக் கொண்டு தீர்த்து, பழைய நேட்டமைசினே மேல் என்று 2013இல் அறிவித்த சோதனையும் அரவிந்த் மருத்துவமனைகளிலேயே நடந்தது. மருந்து இன்னது என்று தெரிந்தபின் எஞ்சும் சங்கடம், புண் பூஞ்சையால் வந்ததா, பாக்டீரியாவால் வந்ததா, அகந்தமீபா என்னும் நீர்வாழ் அமீபாவால் வந்ததா என்பதை விரைந்து அறிவதே. சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்தால் நாட்கள் கழியும். ஆழப் புதைந்த பூஞ்சை சுரண்டலுக்கு அகப்படாமலும் போகும்.

ஜெயா தேவி சிதம்பரமும் வெங்கடேஷ் பிரஜ்னாவும் சக ஆராய்ச்சியாளர்களும், கடுமையான புண்ணுடைய 239 பேரை மதுரையிலே கான்ஃபோக்கல் கருவியால் பரிசோதித்து, நோயாளியின் விவரம் தெரியாத ஐந்து பேரைக் கொண்டு படங்களைப் படிக்கச் செய்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். பூஞ்சை உள்ளவர்களிலே நூற்றுக்கு ஏறக்குறைய 86 பேரிடத்தில் கருவி அதைக் கண்டது. பூஞ்சை இல்லாதவர்களிலே நூற்றுக்கு 81 பேரை இல்லையென்று சரியாகச் சொன்னது. அகந்தமீபா விஷயத்திலே முறையே 88, 98. இவ்வெண்களைவிட என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று: பதினொரு நோயாளிகளின் படங்களில் ஐவரும் ஒருமித்துக் கிருமியைக் கண்டிருக்க, ஆய்வுக்கூடத்துச் சோதனைகளோ ஒன்றுமில்லை என்றன. இங்கே காண்டலளவை ஆய்வுக்கூடத்தையே குறுக்கு விசாரணை செய்யும் தகுதி பெறுகிறது. பூஞ்சை இழை என்பது படத்திலே தானே தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள்; அதை அனுமானிக்க வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் அதே மதுரைக் குழுவினர் மற்றொரு பாடத்தையும் புகட்டினர். பூஞ்சை இழைகள் தொண்ணூறு பாகை கோணத்தில் கிளைத்தால் ஃபுசேரியம், நாற்பத்தைந்து பாகையில் கிளைத்தால் ஆஸ்பர்ஜில்லஸ் என்று பல நூல்கள் சொல்லிவந்தன. அளந்து பார்த்தபோது இரண்டின் சராசரியும் அறுபது பாகையைச் சுற்றியே நின்றது. வேற்றுமை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. கோணம் காணத்தக்கதே; அதைக் கொண்டு சாதியைக் கருதியதுதான் ஆதாரமற்றது. இதற்குப் பின் அவர்கள் கிருமியை விட்டு எதிர்ப்பணுக்களின் பக்கம் நோக்கைத் திருப்பினர். பாக்டீரியா, பூஞ்சை, அமீபா ஆகிய ஒவ்வொன்றிலும் அழற்சி அணுக்கள் திரளும் கோலம் வேறுபடுகிறதா என்று ஆராய்ந்து, தேனடை போன்ற ஒரு திரட்சி பூஞ்சைப் புண்களோடு சேர்ந்து வருவதைக் குறிப்பிட்டனர். கிருமி அகப்படாத கண்ணிலே எதிர்த்து நிற்கும் படையின் அணிவகுப்பைக் கொண்டு பகைவன் யாரென்று ஊகிக்கலாமோ என்ற ஆசை இங்கே பிறக்கிறது. அது ஊகத்துக்குத் துணையாகலாமே ஒழிய, மருந்தைத் தீர்மானிக்கப் போதாது என்பது என் அபிப்பிராயம்.

வயல் வேலையும் தோட்ட வேலையும் குறைந்த பட்டணத்து இளைஞரிடையே, இதே பூஞ்சை வேறு வழியில் புகுந்ததையும் மறக்கலாகாது. 2005, 2006 ஆண்டுகளில் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா முதலிய இடங்களில் காண்டாக்ட் லென்ஸ் எனப்படும் கண்ணொட்டுக் கண்ணாடி அணிந்தவரிடத்தே ஃபுசேரியம் புண் பெருகி, அதனோடு சம்பந்தப்பட்டதாகக் கண்ட ஒரு கழுவு திரவம் 2006 மே மாதம் உலகச் சந்தையினின்றே திரும்பப் பெறப்பட்டது. தொற்று எதுவும் இல்லாமலே அக்கண்ணாடி கருவிழியின் எதிர்ப்பணுக்களைக் கிளறுகிறது என்பது ராஸ்டாக்கினர் எண்ணிக் காட்டியது. ஆரோக்கியமான கண்ணிலே ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நடுவில் 34, விளிம்பில் 98 என்று அவர்கள் 2005இல் கணக்கிட்ட கிளையணுக்கள், கண்ணொட்டுக் கண்ணாடி அணிவோரிடத்திலே இரு மடங்குக்கும் மேலாயிருந்தன. கண் சிவக்கவில்லை, வலி இல்லை. அணிந்தவருக்குத் தெரியாமலே உள்ளே ஆள் சேர்ப்பு நடந்துகொண்டிருக்கிறது.

இனி, இனிப்புநீரின் விஷயம். இது நம்மவர்க்கு அந்நிய விஷயம் அன்று. 2019இல் நடந்த மலேசிய தேசிய சுகாதார ஆய்விலே, வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேர் நீரிழிவுடையோராகக் காணப்பட்டனர். இனவாரியாகப் பார்க்கையில் இந்தியர்களே முதலிடத்தில், பத்தில் மூன்று பேர் என்ற அளவில் நின்றனர். இவ்வியாதியால் விழித்திரை கெடுவதை யாவரும் அறிவர். கிளினிக்குகளிலே அதைப் படம் பிடிக்கும் ஏற்பாடும் உண்டு. பாத நரம்பு கெடுவதையோ நைலான் இழையால் தொட்டும், அதிர்வுக் கவையை வைத்தும் அறிகிறோம். அவை உணர்ச்சி இழந்தபின் இழந்ததை அறிவிப்பனவே அன்றி, இழக்கத் தொடங்கும் வேளையில் எச்சரிப்பன அல்ல. மான்செஸ்டரிலே ராயஸ் மாலிக் 2003இல், பாதத்தின் நரம்பு கெடும் நிலையைக் கருவிழியின் நரம்பிலே கண்டுகொள்ளலாம் என்று காட்டியது இக்காரணத்தால் பெரிய விஷயமாயிற்று. தோலைச் சிறிது வெட்டி எடுத்துச் செய்ய வேண்டியிருந்த பரிசோதனையின் வேலையை ஒரு சொட்டு மருந்தும் ஒரு நுண்நோக்கியும் செய்தன. அதே நகரத்தில் மித்ரா தவகோலியும் மாலிக்கும் சகாக்களும் 2011இல் மேலும் ஓர் அடி சென்று, நீரிழிவாளரின் கருவிழியில் கிளையணுக்கள் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 18 ஆகவும், நோயற்றோரிடத்தே 7 ஆகவும் இருப்பதாகவும், நரம்புச் சேதத்தின் ஆரம்ப கட்டத்திலேயே இந்தப் பெருக்கம் தோன்றுவதாகவும் தெரிவித்தனர். சர்க்கரை நேரே நரம்பை அரிக்கிறது என்ற பழைய சித்திரத்தோடு, எதிர்ப்புச் சக்தியும் அதில் பங்கு கொள்கிறதோ என்ற புதிய சந்தேகம் சேர்ந்தது. ஸ்வீடனில் நீல் லகாலியின் குழுவினர், பல படங்களை இணைத்து சுமார் 6 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சித்திரமாக்கி, சர்க்கரை ஏற்பு குறையத் தொடங்கும் முன்னிலையிலேயே முதிர்ந்த கிளையணுக்கள் மிகுவதை 2018இல் எடுத்துரைத்தனர்.

வாசகர் இங்கே ஒரு முரணைக் கவனித்திருக்கக்கூடும். ராஸ்டாக்கிலே நோயற்ற மனிதனுக்கு 34. மான்செஸ்டரிலே நோயற்ற மனிதனுக்கு 7. மான்செஸ்டர் நீரிழிவாளரின் 18கூட ராஸ்டாக் ஆரோக்கியத்தின் பாதிதான். இரு நாட்டு மக்களின் கண் இவ்வளவு வேறுபடுமென்று எவரும் நம்பமாட்டார். எந்த ஆழத்தில் படமெடுப்பது, எத்தனை படத்தைச் சேர்ப்பது, அவற்றுள் எவற்றைத் தேர்ந்தெடுப்பது, கிளையில்லாத உருண்டையைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பன ஒவ்வோர் ஆய்வுக்கூடத்திலும் ஒவ்வொரு விதமாயிருப்பதே இதன் காரணம். ஒரே கூடத்தில், ஒரே கையால், எது எக்கூட்டத்துப் படம் என்று அறியாமல் எண்ணப்பட்ட இரு கூட்டங்களின் வேற்றுமை நம்பத்தக்கது. கூடம் விட்டுக் கூடம் தாவும் எண் நம்பத்தகாதது. கிளினிக்கிலே தனி மனிதர் ஒருவரை உட்கார வைத்து, உமக்கு இத்தனை அணு இருக்கிறது, ஆகையால் உமக்கு இன்ன வியாதி என்று சொல்லும் நாள் இன்னும் வரவில்லை.

நரம்பும் எதிர்ப்பணுவும் சேர்ந்தே அசைகின்றன என்பது பல வியாதிகளில் தென்படும் பொதுச் செய்தி. கிருமிப் புண்ணிலே கிளையணு பெருகப் பெருக நரம்பிழை குறைவதை ஹம்ராவும் ஆண்ட்ரியா குருசாத்தும் பாஸ்டனிலே கண்டனர். ஒரு கண்ணில் மட்டும் ஹெர்பிஸ் வைரஸ் தாக்கியவரின் மறு கண்ணிலும் நரம்பு குன்றியிருந்தது அதைவிட ஆச்சரியமானது; நோயாளி நல்ல கண் என்று நம்பியிருந்த கண் அது. உலர்கண் வியாதியிலும், கோவிட் விட்டும் விடாத உபாதைகளோடு இருந்தவரிடத்திலும்கூட, நரம்பு இழப்பும் கிளையணுப் பெருக்கமும் சொல்லப்பட்டிருக்கின்றன. இத்தனை வியாதிகளிலும் ஒன்றே காணப்படுமாயின், அது எந்த வியாதியின் அடையாளம் என்ற கேள்வி எழுவது இயல்பே. காய்ச்சல் பல நோயிலும் வரும். அதனால் வெப்பமானியை எறிந்துவிடுவாரில்லை, அதை மட்டும் கொண்டு நோயைப் பெயரிடுவாரும் இல்லை.

இந்நிலையில்தான், 2023இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா டவுனி, ஹாலி சின்னரி, ஸ்காட் முல்லர் ஆகியோரின் குழு, என் மதிப்பில் இத்துறையின் மிக முக்கியமான திருத்தத்தைச் செய்தது. அதுகாறும் யாவரும் நிற்கும் படத்தையே பார்த்து வந்தனர். இவர்கள் அதே சாதாரண மருத்துவமனைக் கருவியைக் கொண்டே, கருவிழியின் அதே இடத்தைச் சில நிமிஷ இடைவெளிவிட்டு மீண்டும் மீண்டும் படம் பிடித்து, அவற்றை வரிசையாகத் தொடுத்து ஓடும் படமாக்கினர். அப்போது, கிளை நீட்டிய அணுக்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்து கைகளை மட்டும் அசைப்பதும், கிளையற்ற சிறு அணுக்கள் வேகமாக ஊர்ந்து திரிவதும் வெளிப்பட்டன. சுண்டெலியிலே அணுக்களுக்கு நிறமூட்டி அவற்றின் நடையை முன்பே பதிந்து வைத்திருந்ததோடு ஒப்பிட்டு, இப்படித் திரிபவை டி-அணுக்கள் என்று அவர்கள் நிலைநாட்டினர். ஆரோக்கியமான மனிதக் கருவிழியிலே டி-அணுக்கள் ரோந்து செல்கின்றன என்பது, சலுகைக் கொள்கையின் எச்சத்தையும் அசைத்த செய்தி. கண்ணொட்டுக் கண்ணாடி அணிவோரிடத்தும், பருவ ஒவ்வாமையால் கண் அரிக்கும்போதும் இந்நடமாட்டம் மாறுவதையும் அவர்கள் காட்டினர்.

இதன் தாத்பரியம் முழுவதையும் உணர, முன் சொன்ன எண்களிடம் திரும்ப வேண்டும். கிளையற்ற இச்சிறு அணுக்களைத்தான் இருபது ஆண்டுக் கட்டுரைகள் முதிராத கிளையணுக்கள் என்று பெயரிட்டு எண்ணி வந்தன. அவற்றுள் பல, கிளையணு இனமே அல்ல. லாங்கர்ஹான்ஸ் வடிவத்தைக் கண்டு நரம்பு என்று கருதியதற்கும், இவர்கள் வடிவத்தைக் கண்டு முதிராக் கிளையணு என்று கருதியதற்கும் இடையே நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும், பிழையின் உருவம் ஒன்றாகவே இருந்திருக்கிறது. நீரிழிவிலே பெருகியது செய்தி கொண்டு செல்லும் கிளையணுவா, போரிடும் டி-அணுவா என்பது வெறும் பெயர்த் தகராறு அன்று. முன்னது எச்சரிக்கையைக் குறிக்கும், பின்னது நினைவையோ நடவடிக்கையையோ குறிக்கும். ஹெர்பிஸ் தாக்கிய சுண்டெலியின் கருவிழியிலே, நோய் ஆறிய பின்னும் நினைவு டி-அணுக்கள் நிரந்தரமாகக் குடியிருப்பதை மெல்போர்ன் குழுவினரே 2022இல் காட்டியிருப்பதால், ஓர் அணுவைக் கண்டமாத்திரத்தில் இப்போது வியாதி நடக்கிறது என்று சொல்லவும் கூடாது. எப்போதோ நடந்த வியாதியின் சாட்சியாகவும் அது இருக்கலாம்.

படங்களை எண்ணும் வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கும் முயற்சிகளும் பெருகி வருகின்றன. களைப்பின்றி எண்ணுவதிலும், ஒருநாள் போல மறுநாள் எண்ணுவதிலும் கணினி மனிதனை வெல்லும். ஆனால் மனிதன் தவறாகப் பெயரிட்டுக் கொடுத்த படங்களைக் கொண்டு பழகிய கணினி, அத்தவறையே சலிக்காமல் செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உரையளவை என்ற மூன்றாவது, நோயாளியின் வாய்மொழியாகும். கருவி வந்தபின் இதற்கு இடமில்லை என்று எண்ணுவாரும் உளர். எண்ணிக்கையை மாற்றும் காரணங்கள் எத்தனை என்று பார்த்தால் அவ்வெண்ணம் நில்லாது. கண்ணொட்டுக் கண்ணாடி அணிந்தாரா, ஒவ்வாமை உண்டா, எந்தச் சொட்டு மருந்தை எத்தனை நாளாக விடுகிறார், கண்ணிலே முன்பு மட்டையோ தூசோ பட்டதுண்டா என்பனவற்றை அவர் வாயாலன்றி அறிய வழியில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கிலே இவற்றோடு மற்றொன்றும் சேரும். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரகாலம் பிரகடனம் செய்யும் அளவுக்குப் புகைமூட்டம் கவிந்ததே, அவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் காப்பாரில் அந்நாட்களில் எரியாத கண் ஏது? அப்படிப்பட்ட பருவத்தில் எடுத்த படத்தையும் தெளிந்த பருவத்தில் எடுத்த படத்தையும் தேதி குறிக்காமல் ஒன்றாய் வைத்து எண்ணுவது, இனிப்புநீரின் கணக்கிலே புகையையும் பற்று எழுதுவதாகிவிடக்கூடும்.

1951இல் தோன்றி, பிரிக்பீல்ட்ஸில் பணியாற்றி வரும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தை அண்டி வாழ்வோர், பார்வை போனபின் வாழக் கற்றவர்கள். போகுமுன் தடுக்க வேண்டியவர்களைப் பொறுத்தவரை இருவித வேலை நம்முன் கிடக்கிறது. மட்டை கீறி வரும் கண்ணிலே, மதுரை வழியைப் பின்பற்றி, கிருமியை நேரே காண்பதற்கு இக்கருவியை இன்றே தைரியமாகப் பயன்படுத்தலாம். அங்கே அது அனுமானத்தைக் கேட்கவில்லை. இனிப்புநீரிலோ, இன்று அது ஆராய்ச்சிக் கருவியே. அந்த ஆராய்ச்சிக்கு வேண்டுவது ஒரே மனிதரை, ஒரே ஆழத்தில், ஒரே கூடத்தில், பல ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பது. காப்பாரிலும் கிள்ளானிலும் உள்ள அரசாங்கக் கிளினிக்குகளில் பதிந்துகொண்ட நீரிழிவாளர்கள், விழித்திரைப் படத்துக்கும் பாதச் சோதனைக்குமாக எப்படியும் அவ்வப்போது வந்து செல்கிறவர்கள். விழித்திரையைப் படம் பிடிக்கும் ஒளி கருவிழியைக் கடந்தே செல்கிறது. கடந்து போகும் அவ்விடத்திலும் சற்றுத் தங்கி, ஓடும் படமாகவே எடுத்து, நரம்பையும் அதனருகே நிற்பதையும் திரிவதையும் தனித்தனியே எழுதி வைத்தால், பாதம் மரத்துப்போன பின் அந்த ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டி, அணு முந்தியதா நரம்பு முந்தியதா என்று கேட்கலாம். மான்செஸ்டரின் 2011 ஆய்வு ஒரே காலத்தில் பலரைப் பார்த்தது. ஆகையால் அந்தக் கேள்விக்கு அதனால் விடை சொல்ல முடியவில்லை.